உன் அப்பாவின் வலது தோள்

என் ராசா,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்கும். இப்போது உனக்கு ஐந்து மாதம். குப்புறக் கவிழ்ந்து, தலையைத் தூக்கி, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். பேனாவைத்தான் கேட்கிறாய் என்று தெரிகிறது. தர மாட்டேன். படிக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அப்பா சிரிக்கிறார். ஆனால் எஸ்டேட்டின் இந்த வரிசை வீட்டு லயத்து ஆட்களைப் பார்த்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன்னைத் தூக்குகிற ஒவ்வொருவரும் முதலில் உன் தோளைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். "கபடிப் பிடிக்காரன் மகன்ல, தோளப் பாரு, இப்பவே உருண்டு கெடக்கு" என்கிறார்கள். உனக்கு இன்னும் உட்காரவே தெரியாது, அதற்குள் எஸ்டேட் கபடி அணியில் இடது மூலையை உனக்கு ஒதுக்கிவிட்டார்கள். நீ ஆடப் போகலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் களத்தில் இறங்குவதற்கு முன்னால் தோள் என்பது என்ன என்று யாராவது உனக்குச் சொல்ல வேண்டும். உன் அப்பா சொன்னால் பாதியைச் சிரிப்பாக்கிவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது பத்தொன்பது வயது. ஏழாவதோடு படிப்பு நின்றது. எங்கள் எஸ்டேட் பள்ளியில் அதற்கு மேல் கிடையாது, கீழே இறங்கி மலையாளப் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த வருடம் உன் சின்னம்மா பிறந்திருந்தாள். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நான் நின்றுவிட்டேன். பள்ளியில் இருந்தபோதும் நான் வாய் திறந்தது குறைவு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் குரல் தொண்டைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும் கேட்கத் தெரியாமல் நிற்பேன், பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது நீ பார்க்கிறாய், அது பரவாயில்லை.

உன் அப்பாவும் என் அண்ணனும், அதாவது உன் மாமாவும், எஸ்டேட் அணியில் கைகோத்து நிற்கிறவர்கள். எதிராளி மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது இடது மூலையில் உன் அப்பா, அவருக்குப் பக்கத்தில் மாமா. இவர் வலது கை அவர் இடது கையைப் பிடித்திருக்கும். பாடி வருகிறவன் தப்பி ஓடப் பார்க்கும்போது இரண்டு பேரும் சங்கிலி மாதிரி அவனை வளைத்து மடக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வருகிறவன் முட்டிக்கொண்டு பாய்கிற வேகம் முழுவதும் அந்தக் கோத்த கைகளில்தான் விழும். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அப்படி ஒருவன் பாய்ந்தபோது, உன் மாமா சொல்வது போல, "மாப்பிள்ளை கை திடீர்னு ஒரு சாண் நீண்டுபோச்சு." தோள் கழன்றிருந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாகி, எலும்பு முன்பக்கம் தள்ளி நின்றதாம். களத்திலேயே உன் அப்பாவைப் படுக்கப் போட்டு, அக்குளில் குதிகாலை வைத்து மிதித்துக்கொண்டு, மாமாவே கையை இழுத்து மாட்டினார். டக் என்று சத்தம் கேட்டதாம். உன் அப்பா எழுந்து நின்று கையை உதறிவிட்டு மறுபடி ஆடினார். எல்லாரும் கைதட்டினார்கள். இன்றும் மாமா அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்.

தவறு அங்கேதான் தொடங்கியது. கையைக் கட்டி வைத்து ஓய்வு கொடுக்கவில்லை. கட்டினால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் எஸ்டேட் மேனேஜர் துரைக்குத் தெரியும். உன் அப்பா அப்போது ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலையில் இருந்தார், தற்காலிக ஆளாக. பனிக்காலத்தில் கொழுந்து குறைந்ததும் தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெர்மனன்ட் ஆனால் வருடம் முழுக்க வேலை, லயத்தில் தன் பெயரில் வீடு. எங்கள் துரைக்குக் கபடி என்றால் உயிர். நன்றாக ஆடுகிறவர்களுக்குத்தான் பெர்மனன்ட் பட்டியலில் முதல் இடம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் இரண்டு பேரும் தோளைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அது இரண்டு மூன்று தடவை கழன்றது. ஒரு தடவை கொடியிலிருந்து துண்டை எடுக்கக் கையை நீட்டியபோதே கழன்றது. ஒவ்வொரு தடவையும் மாமா ஓடி வந்து மாட்டினார். அவருக்கு அது பழகிப்போய்விட்டது.

கல்யாணமாகி வந்த எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். சட்டை போடும்போது உன் அப்பா எப்போதும் வலது கையைத்தான் முதலில் நுழைப்பார், அதையும் இடது கையால் எடுத்துவிட்டு. தலை வாருவதற்குக் கையைத் தூக்காமல் தலையைக் குனித்துச் சீப்புக்குக் கொண்டுபோவார். பரணில் இருக்கும் சாமானைக் கேட்டால் "நீயே எடு, நீதான் எட்டுவே" என்பார். அவர் என்னைவிட ஒரு முழம் உயரம். நாளைக்கு உனக்கு மனைவியாக வருகிறவளிடம் இதை நான் சொல்வேன்: வாயால் சொல்லாததை எல்லாம் ஆண்கள் சட்டை போடும் விதத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த தை மாதம் போடிமெட்டில் போட்டி. செக்போஸ்ட்டுக்குச் சற்றுக் கீழே லாரிகள் திரும்புகிற மேட்டைச் சமப்படுத்திக் கோடு போட்டிருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் எங்கள் எஸ்டேட்டும் மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டும். முந்தின நாள் சாயங்காலம் உன் அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் இடது கையால் தட்டை நகர்த்தினார். முகம் வெளுத்திருந்தது. "நாளைக்குப் போக வேண்டாம்ங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கு மட்டும் ஆடிட்டா போதும் புள்ள. அடுத்த வாரம் பட்டியல்" என்று அவர் சொல்லிவிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலையாளத்துச் சேச்சி இருந்தாள். பிரசவத்தின்போது உன்னை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். அவளிடம் போய், "அவருக்கு உடம்பு வலி" என்று மட்டும் சொன்னேன். "எவிட மோளே வலி? தோளிலோ?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். லயத்தில் சுவர்களுக்கும் காது உண்டு, சேச்சிக்கு அதைவிடக் கூர்மையான காது. அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த எண்ணெயைச் சூடாகத் தேய்த்தேன். தோளில், முதுகில், கழுத்தில் எல்லாம். "நல்லாருக்கு புள்ள, நல்லாருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். கபடியில் உடம்பில் எண்ணெய் பூசக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். காலையில் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். தை மாதக் குளிரில் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே வெள்ளையாக உறைந்து நிற்கும். அவர் தோளிலும் அது உறைந்து, துடைத்த பிறகு வெறும் தோல் மாதிரித்தான் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் கையால் தடவிப் பார்த்தபோதும் ஒன்றும் தெரியவில்லை.

வெயில் ஏறியது. உடம்பு சூடாகி வேர்வை வந்தது. வேர்வையோடு எண்ணெயும் இளகி வெளியே வந்தது. பெண்கள் எல்லாரும் களத்துக்கு மேலே மேட்டுச் சரிவில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்தே உன் அப்பாவின் வலது தோள் மினுமினுப்பதைப் பார்த்தேன். எதிர் அணியில் பாடி வந்தவன் அந்தத் தோளைப் பிடித்துத் தள்ளப் போனான், கை வழுக்கி முகம் குப்புற விழுந்தான். விழுந்தவன் எழுந்து உள்ளங்கையை எல்லாருக்கும் காட்டினான்.

"எண்ணெய்! எண்ணெய் பூசியிருக்கான்!"

"பிடிக்கத் தெம்பில்லாம வழுக்க வந்திருக்கான்டா!"

"பணியாரச் சட்டியிலருந்து நேரா எந்திரிச்சு வந்துட்டான் போலடா!"

நடுவர் கீழே பள்ளியில் ட்ரில் மாஸ்டர், மலையாளி. விசிலை ஊதிவிட்டு வந்து உன் அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "இது எந்தா? எண்ணையல்லே?"

"வேர்வைங்க சார்" என்றார் உன் மாமா.

நடுவர் விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். "வேர்வைக்குக் கற்பூர வாசனையோ? நீ என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியோ?" கூட்டம் சிரித்தது. பிறகு அவர் உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "ஆரு தேய்ச்சது? எதுக்கு?"

உன் அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். எதற்கு என்று சொன்னால் தோள் வெளியே வரும். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரையின் முன்னாலேயே வரும், பட்டியல் போகும். சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன். எதிர் அணியில் ஒருவன், "கள்ள ஆட்டம் ஆடுறவன வெளியேத்துங்க சார்" என்று கத்தினான். உன் அப்பா கோட்டைத் தொட்டும் தொடாததுமாகப் போனால்கூட, தானே கையைத் தூக்கி "அவுட்" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறவர். அவரைப் பார்த்துக் கள்ள ஆட்டம் என்று சொல்கிறார்கள், அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். பெர்மனன்டுக்காக, எனக்காக, இன்னும் பிறக்காத உனக்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"நான்தான் சார் தேய்ச்சேன்! அவரு தோளு கழண்டு கழண்டு விழுகுது. வலின்னு தேய்ச்சேன். எண்ணெய் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. அவரு யாரையும் ஏமாத்த மாட்டாரு!"

கண்ணைத் திறந்தபோது அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தன் எண்ணெய்க்குப் பரிந்து பேசுகிற சேச்சியின் குரல் மட்டும் கேட்டது: "எண்ணெ என்றெயா சாரே, நல்ல எண்ணெயா!" நடுவர் சிரிக்கவில்லை. உன் அப்பாவிடம் கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரம் வரை தூக்கினார். இன்னும் மேலே என்றார். தூக்கினார். இனி பின்னால் கொண்டு போ என்றார். உன் அப்பா கையைப் பின்னால் கொண்டுபோகவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "இவன் கள்ளன் அல்ல" என்று நடுவர் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில், "நீ இனி களிக்க வேண்டா. போ, மோனே, போயி அவளோட இரு" என்றார். வேறு ஆளை இறக்கினார்கள். நாங்கள் தோற்றோம்.

திரும்பி நடக்கும்போது மாமா எங்களோடு வரவில்லை, முன்னால் வேகமாகப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தேயிலைச் சரிவில் இறங்கினோம். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுதூரம் வந்த பிறகு திடீரென்று நின்று, "இம்புட்டுச் சத்தத்த இத்தன நாளு எங்க வெச்சிருந்தே?" என்று கேட்டார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் தோள் வலிக்கும், அதனால் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

துரை கெட்டவர் இல்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டு, இந்தத் தோளை வைத்துக்கொண்டு பெட்டி தூக்கினால் பெட்டியோடு நீயும் லாரிச் சக்கரத்துக்கடியில் கிடப்பாய் என்று சொல்லி, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பட்டியலில் பெயர் வரவில்லை. உன் மாமாவின் பெயர் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். தோள் மூட்டு குழிக்கரண்டியில் உட்கார்ந்த எலுமிச்சம்பழம் இல்லை, தட்டையான தட்டில் வைத்த எலுமிச்சம்பழம், சுற்றியிருக்கும் தசையும் நாரும்தான் அதை உருளாமல் பிடித்து வைத்திருக்கின்றன என்றார். ஒவ்வொரு தடவை கழலும்போதும் அந்த நார் தளர்கிறது, தட்டின் விளிம்பும் தேய்கிறது. முதல் தடவையே யாரும் இழுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்டு, தசை தேறும்வரை காத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்றார். உனக்குத் தோள் கழன்றால் இழுத்து மாட்ட ஆள் ஓடி வரும், ராசா. உன் மாமாவே ஓடி வருவார். விடாதே. கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. எலும்புக்குப் பக்கத்தில் நரம்பு ஓடுகிறதாம், கண்டபடி இழுத்தால் கையே மரத்துப் போகலாமாம். இதுவரை இழுத்ததில் அப்படி ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது, வாசலில் நின்ற மாமா வெளியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் போட்ட கட்டை அவிழ்த்த பிறகுதான் வேலை இருந்தது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏற்ற வேண்டும், தினமும். எட்டிய இடத்தில் நான் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவேன். சில நாள் கோடு ஒரு விரற்கடை ஏறும், சில நாள் ஏறாது. ஏறாத ஒரு நாளில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ அன்னைக்குச் சும்மா உக்காந்திருந்தா இந்நேரம் நான் பெர்மனன்ட் ஆயிருப்பேன். இங்க நின்னு சொவரச் சொறிஞ்சுட்டிருக்க மாட்டேன்" என்றார். அது உண்மைதான். கோட்டைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு அரிசி களையப் போனேன். மறுநாள் காலையில் நான் கூப்பிடாமலேயே போய்ச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "வந்து கோடு போடு புள்ள" என்றார். மன்னிப்பு என்று ஒன்று எங்களுக்குள் அவ்வளவுதான் நடந்தது. உனக்கும் வீட்டில் சண்டை வரும். மறுநாள் அந்த வேலையைத் தொடர்ந்து செய், போதும்.

இப்போது அவர் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பக்கம் இருக்கிறார். கையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாத வேலை. இன்னும் தற்காலிகம்தான். போன பனிக்காலத்தில் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள், அப்போது நீ பிறந்திருந்தாய், அவர் வீட்டில் இருந்துகொண்டு உன் துணியைத் துவைத்தார். பிழிவது மட்டும் நான். எனக்கு அந்த நாட்களைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை.

போன வாரம் உன் மாமா வந்தார். புதுப் பட்டியல் எழுதப் போகிறார்களாம். போடிமெட்டில் மறுபடி போட்டியாம். "ஒரே ஒரு ஆட்டம் மாப்பிள்ளை. மூலையில சும்மா நின்னாப் போதும், நான் பாத்துக்கறேன். துரை கண்ணுல பட்டா இந்தத் தடவ பேரு வந்துரும். தோளுதான் நல்லாயிருச்சே?" என்றார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இந்தத் தடவை இது அவர் சொல்ல வேண்டிய பதில். உன் அப்பா கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு மச்சான். நல்லாருக்கறதாலதான் வரல." மாமா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு உன்னைத் தூக்கி, வழக்கம் போலத் தோளை அமுக்கப் போனவர், அமுக்காமல் தடவிவிட்டுக் கொடுத்தார்.

பட்டியலில் பெயர் வருமோ வராதோ, நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது. நீ ஆடு. மூலையில் நில், யாரோடு வேண்டுமானாலும் கைகோத்துக்கொள். ஆனால் வலித்தால், வலிக்கிறது என்று உன் பக்கத்தில் நிற்பவனிடம் அன்றைக்கே சொல்லிவிடு. அதைச் சொல்ல இன்னொருத்தி மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டியிருக்கக் கூடாது.

இன்னும் எழுதலாம். நான் எழுதட்டும் என்று உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார். இப்போது கூப்பிடுகிறார். "ஏ புள்ள, தோளு வலிக்குது. வந்து இவன வாங்கிக்க."

இதோ, வருகிறேன்.

உன் அம்மா